பிரிந்துபோன பங்காளிகள்: மிகுபுனைவில் டார்க் எல்ஃப்

மிகுபுனைவு (ஃபேன்டஸி) உலகம் ஒன்றைத் தமிழில் உருவாக்க முற்படுகிறவர்கள், ஐரோப்பியக் கதைகளில் வரும் எல்ஃப் என்ற மாய மக்களின் இருண்ட கிளையான டார்க் எல்ஃப் என்ற இனத்தை எடுத்துக்கொள்ளும்போது, பெரும்பாலும் அதன் தோற்றத்திலிருந்தே தொடங்குகிறார்கள். கரிய அல்லது சாம்பல் நிற மேனி, வெண்ணிற முடி, சிவந்த கண், நிலத்தடி நகரம், சிலந்தி வடிவத் தெய்வம் ஆகியவற்றைப் பட்டியலிட்டுவிட்டால் இனம் உருவாகிவிட்டதாக நம்புகிறார்கள். ஆனால் இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை 1970களின் பிற்பகுதியில் ஒரே ஒரு விளையாட்டிலிருந்து பரவியவை. மேனியை வெளுப்பாக்கினாலும், நகரத்தை நிலத்துக்கு மேலே கொண்டுவந்தாலும், சிலந்தியை நீக்கினாலும் டார்க் எல்ஃப் டார்க் எல்ஃபாகவே நிற்பதைப் பல புகழ்பெற்ற புனைவுகள் காட்டியிருக்கின்றன. நீக்க முடியாததாக எஞ்சுவது ஓர் உறவுதான். இவர்கள் வேறொரு மக்களின் உடன்பிறந்த கிளை. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து, ஒரு காரணத்தால் பிரிந்து, அந்தப் பிரிவை இன்னும் மறக்காதவர்கள்.

கொங்கு நாட்டில் வளர்ந்த வாசகருக்கு இந்த உறவை நெடுக விளக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பங்காளி என்ற ஒரே சொல்லில் அது முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலக்கிளையில், பிறந்து, ஒரே குலதெய்வத்தைக் கும்பிட்டு, ஒரே காணியில் உரிமை கொண்டவர்கள் பாகப்பிரிவினையின்போதோ கிணற்று நீரின் முறை குறித்தோ பிரிந்துபோனால், அந்தப் பகையில் இருக்கும் உக்கிரம் அயலாரோடு வரும் சண்டையில் இருப்பதில்லை. அயலானுடைய குற்றம் ஒரு செயல் மட்டுமே; பங்காளியின் குற்றம் நம் வீட்டின் வரலாற்றையே கேள்விக்கு உள்ளாக்குகிறது. மிகுபுனைவில் ஆர்க் என்ற இனம் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பகைவனாக நிற்கும் இடத்தில், டார்க் எல்ஃப் நம் முகத்தையே கொண்டு நிற்கும் பங்காளியாக நிற்கிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு நிறத்தையும் நகரத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிற புனைவுகளில் டார்க் எல்ஃப் வெறும் வேடம் பூண்ட ஆர்க்காக மாறிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த இனத்தின் வேர் 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் இருக்கிறது. ஸ்னோரி ஸ்டுர்லுசொன் என்ற அறிஞர், தம் நாட்டின் பழைய தெய்வக் கதைகளைக் கவிஞர்களுக்கான கையேடாகத் தொகுத்த உரைநடை எட்டா என்ற நூலில், எல்ஃப்களை இரண்டாகப் பிரிக்கிறார். ஒளி எல்ஃப்கள் வானிலுள்ள ஆல்ஃப்ஹெய்மில் வாழ்கிறார்கள், கதிரவனை விடத் தோற்றப் பொலிவு உடையவர்கள். இருள் எல்ஃப்கள் மண்ணுக்குள் வாழ்கிறார்கள், கீலைவிடக் கரியவர்கள். தோற்றத்தில் மட்டுமல்லாமல் இயல்பிலும் வேறுபட்டவர்கள் என்கிறார் அவர். இதே நூலில் கறுப்பு எல்ஃப்களின் உலகம் என்று பொருள்படும் ஸ்வார்ட்ஆல்ஃப்ஹெய்மும் வருகிறது. ஆனால் அங்கே சென்றால் நாம் சந்திப்பவர்கள் குள்ளர்கள். ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டுவதற்கான கிளெய்ப்னிர் என்ற தளையை, பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறு பொருள்களால் செய்து தந்தவர்கள் அந்தக் குள்ளர்களே. எனவே ஸ்னோரியின் கறுப்பு எல்ஃப்களும் குள்ளர்களும் ஒன்றுதானா என்பது அறிஞர்களிடையே நெடுநாளாக நீடிக்கும் விவாதம்.

இந்த ஒளி, இருள் பகுப்பு ஸ்னோரிக்கு முந்தைய பழம்பாடல்களில் இப்படி வெளிப்படையாக இல்லை; அங்கே எல்ஃப்கள் தெய்வங்களோடு இணைத்துப் பேசப்படும் ஒரே கூட்டமாகத்தான் வருகிறார்கள். ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய ஸ்னோரி, வானத்துத் தேவதூதர், பாதாளத்துச் சாத்தான் என்ற பகுப்பை இதன்மீது ஏற்றியிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். உலகம் அமைப்பவர்களுக்கு இது மிக முக்கியமான செய்தி, ஏனென்றால் டார்க் எல்ஃப் என்ற கருத்து தொடக்கத்திலேயே ஒரு மக்கள் தம்மைப் பற்றிச் சொன்னதாக இல்லாமல், பிறர் செய்த வகைப்பாடாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. ஸ்னோரியின் நூலில் எந்த இருள் எல்ஃபும் வாய் திறந்து பேசுவதில்லை.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் இந்தக் கருத்தை எடுத்து முற்றிலும் வேறு திசையில் கொண்டுசென்றார். அவர் மறைவுக்குப் பிறகு 1977இல் வெளிவந்த சில்மரில்லியனில், மேற்குத் திசைக்கு வருமாறு தெய்வங்கள் அழைத்தபோது சில எல்ஃப்கள் சென்றார்கள், சிலர் மறுத்தார்கள், சிலர் பாதி வழியில் தங்கிவிட்டார்கள். அங்கே ஒளிவீசிய இரண்டு மரங்களின் ஒளியைக் காணாதவர்கள் அனைவரும் மோரிக்வெண்டி, அதாவது இருளின் எல்ஃப்கள், எனப்பட்டார்கள். இதில் நிறமும் இல்லை, தீமையும் இல்லை. எங்கே போனோம், எங்கே போகவில்லை என்ற வரலாறு மட்டுமே இருக்கிறது. ஆனாலும் போய்வந்தவர்களிடம் ஓர் உயர்வுமனம் குடியேறிவிடுகிறது. ஊரைவிட்டுப் பட்டணம் போன கிளை, ஊரிலேயே தங்கிய கிளையைப் பார்க்கும் பார்வையை அறிந்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள்.

அந்த நூலில் டார்க் எல்ஃப் என்றே பெயர் பெற்ற ஏயோல், ‘நான் எல்மோத்’ என்ற அடர்காட்டில் தனித்து வாழும் கொல்லன், குள்ளர்களின் நண்பன், மேற்கிலிருந்து திரும்பி வந்த நோல்டோர் கிளையைத் தன் நிலத்தைப் பறிக்க வந்தவர்களாகவே கருதுகிறவன். அவன் அந்தக் கிளையைச் சேர்ந்த அரேடெலை மணந்து, மைக்லின் என்ற மகனைப் பெறுகிறான். தாயும் மகனும் அவனை விட்டு ஓடி, அரேடெலின் அண்ணன் டுர்கோன் ஆளும் மறைநகரமான கோண்டோலினுக்குச் செல்கிறார்கள். பின்தொடர்ந்து வந்த ஏயோலை டுர்கோன் உறவினனாகவே வரவேற்று, ஆனால் இந்நகரை அறிந்தவர் யாரும் வெளியேற முடியாது என்ற சட்டத்தைச் சொல்கிறான். அந்த உறவையும் அந்தச் சட்டத்தையும் ஏற்க மறுக்கும் ஏயோல் மகன்மீது ஈட்டி எறிய, இடையில் பாய்ந்த தாய் அதை வாங்கி இறக்கிறாள். ஏயோல் மலைமுகட்டிலிருந்து தள்ளப்பட்டுச் சாகிறான்.

இதன் பிறகு நடப்பதுதான் தமிழ் வாசகரை அதிகம் நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டியது. தாய்மாமன் வீட்டில் வளரும் மைக்லின், மாமன் மகள் இட்ரிலை விரும்புகிறான். எல்ஃப்கள் அவ்வளவு நெருங்கிய உறவில் மணம் செய்வதில்லை. அவளும் அவனை விரும்பவில்லை. நிறைவேறாத அந்த விருப்பமே உள்ளே திரிந்து, இறுதியில் நகரையே எதிரியிடம் காட்டிக்கொடுக்கும் அளவுக்குப் போகிறது. எல்ஃப்களின் முறையில் தகாததாக இருக்கும் அந்த விருப்பம், கொங்கில் உரிமையாகவே கருதப்பட்டு வந்தது. மாமன் மகள் முறைப்பெண். இதே கதையை நம் உறவுமுறைக்குள் வைத்தால் மைக்லினின் வேதனை வேறொன்றாகிவிடும்: முறை இருந்தும் மறுக்கப்பட்டவனின் அவமானமாகவும், தந்தையின் குலத்தைக் காட்டி மாமன் வீடு தன்னைத் தாழ்த்திவிட்டது என்ற சினமாகவும் அது மாறும். பெண்ணின் விருப்பமின்மை மட்டும் எந்த முறையிலும் மாறாத உண்மையாக அங்கே நிற்கும். உறவுமுறை மாறினால் பகையின் தன்மையே மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இன்று பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் டார்க் எல்ஃப் உருவம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ட்ரௌ. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1977இல் வெளியிட்ட விலங்கு, பூத வகைகளின் கையேட்டில் ட்ரௌ என்பவர்கள் வெறும் வதந்தியாக, ஓரிரு வரியில் வந்தார்கள். 1978இல் வெளிவந்த சாகசத் தொகுப்புகளில்தான் நிலத்தடி நகரத்தோடும் லோல்த் என்ற சிலந்தித் தெய்வத்தோடும் முழு உருப்பெற்றார்கள். முன்னொரு காலத்தில் எல்ஃப்களுக்குள் எழுந்த பூசலில் கொடியவர்கள் எனப்பட்ட பிரிவினர் காட்டையும் புல்வெளியையும் விட்டு நிலத்துக்கு அடியில் விரட்டப்பட்டார்கள் என்பதே அவர்களுக்குத் தரப்பட்ட பின்கதை. ஆக இங்கும் முதலில் நிகழ்ந்தது பிரிவினை. இருட்டு அதன் விளைவு.

அந்த விளையாட்டின் உலகில் நாவல்கள் எழுதிய ஆர். ஏ. சால்வடோர் இந்த மக்களுக்கு அன்றாட வாழ்வைத் தந்தார். 1988இல் துணைப்பாத்திரமாக அறிமுகமான டிரிஸ்ட் என்ற ட்ரௌ வீரன் வாசகர்களிடம் பெற்ற வரவேற்பால், அவனுடைய பிறந்த நகரமான மென்சோபெரான்சனின் கதை 1990இல் தனி நாவலாயிற்று. பகலும் இரவும் இல்லாத அந்த நகரில், நர்பொண்டெல் என்ற கல்தூணில் நாள்தோறும் மந்திரத்தால் வெப்பம் ஏற்றி, அது மேலேறும் அளவைக் கொண்டே காலம் கணிக்கிறார்கள். உயர்குடி வீடுகள் வரிசை எண்ணால் அறியப்படுகின்றன. ஒரு வீடு மற்றொரு வீட்டைச் சாட்சி சொல்ல உயர்குடியினர் எவரும் எஞ்சாதபடி முழுவதும் அழித்துவிட்டால், அப்படியொரு வீடு இருந்ததே இல்லை என்று நகரம் நடந்துகொள்கிறது. தோற்றுப் பிழைத்தவர் ஒருவர் இருந்தாலும் அழித்த வீட்டுக்குத் தண்டனை உண்டு. அறம் என்ற ஒன்றுக்கு இடம் தராமல், நடைமுறை ஒழுங்கை மட்டும் வைத்து ஒரு சமூகத்தை இயக்கிக் காட்டிய இந்தப் பகுதி, உலகம் அமைக்கும் கலையில் இன்றும் பாடமாகப் பயிலத்தக்கது.

ஆனால் ட்ரௌ உருவத்தில் இரண்டு குறைகள் ஆழமானவை. முதலாவது, உண்மையான குகைவாழ் உயிர்கள் தலைமுறைதோறும் நிறமியை இழந்து வெளுத்துப்போகின்றன. ஒளியே இல்லாத இடத்தில் கரிய மேனி உருவாவதற்கு உயிரியலில் காரணம் இல்லை. ஆகவே அந்த நிறம் சூழலால் வந்ததாக இல்லாமல், தீமையின் முத்திரையாக ஒட்டப்பட்டதாகவே நிற்கிறது. இரண்டாவது, பெண்கள் ஆளும் சமூகம் என்பதும் அதே பட்டியலில், இயல்பு தலைகீழானதன் அடையாளமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. டிரிஸ்ட் போன்ற நல்லவன் ஒருவன் தோன்றுவதால் இந்தக் குறை தீரவில்லை. ஒருவன் விதிவிலக்கு என்று சொல்லும்போதே மற்ற அனைவரும் விதி என்று ஆகிவிடுகிறார்கள். விளையாட்டை வெளியிடும் நிறுவனமே 2020இல் ட்ரௌக்களையும் ஆர்க்குகளையும் மற்ற மக்களைப் போலவே அறத்திலும் பண்பாட்டிலும் பன்முகம் கொண்டவர்களாகக் காட்டப்போவதாக அறிவித்தது. பிறகு லோல்த் வழிபாட்டைச் சாராத வேறு ட்ரௌ சமூகங்களும் அந்த உலகில் சேர்க்கப்பட்டன.

வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டில் வரும் டார்க் எல்ஃப்களுக்கு மேனி வெளுப்பு. அவர்கள் நிலத்தடியில் அல்ல, நாகரோத் என்ற குளிர்நிலத்தில் வாழ்கிறார்கள். ஆனாலும் அவர்களை டார்க் எல்ஃப் என்று ஏற்க எவருக்கும் தயக்கமில்லை, ஏனென்றால் அவர்களுடைய தொடக்கம் ஒரு வாரிசுரிமை வழக்கு. முதல் அரசன் ஏனாரியனின் மகன் மலேகித், தந்தையின் அரியணை தனக்கே உரியது என்கிறான். இளவரசர்கள் கூடி வேறொருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்நாட்டுப் போர் மூண்டு எல்ஃப்கள் இரண்டாக உடைகிறார்கள். பங்காளி வழக்கு பெரும்போரானதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டை வாசகர் தாமே நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு மிக நெருக்கமானவர்கள் எல்டர் ஸ்க்ரோல்ஸ் கணினி விளையாட்டுகளின் டார்க் எல்ஃப்களான டன்மர் மக்கள். வழிபாட்டுக் கருத்து வேறுபாட்டால் தாயகத்தை விட்டு, வெலோத் என்ற தீர்க்கதரிசியின் பின்னே நடந்து, எரிமலைச் சாம்பல் படியும் மோரோவிண்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். பிற்காலத்தில் நெரெவார் என்ற தலைவனுக்குத் துணைவர்களே இழைத்த துரோகத்துக்காக அஸூரா என்ற தெய்வம் அவர்களைச் சபிக்க, மேனி சாம்பல் நிறமாகவும் கண் சிவப்பாகவும் மாறியது என்று ஒரு மரபு சொல்கிறது. நெரெவாரின் மரணம் எப்படி நிகழ்ந்தது என்பதற்கு அந்த உலகத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று முரணான கூற்றுகள் உண்டு, எது உண்மை என்று விளையாட்டு தீர்ப்பளிப்பதில்லை. 2002இல் வெளிவந்த மோரோவிண்ட் விளையாட்டில் நாம் அவர்களுடைய மண்ணில் இறங்குகிறோம். அங்கே அந்நியர் நாம். முன்னோரின் எலும்புகளைப் போற்றுகிறார்கள், விருந்தோம்புகிறார்கள், அதே கையால் அடிமை வாணிகமும் செய்கிறார்கள். 2011இல் வெளிவந்த ஸ்கைரிமில் எரிமலை வெடிப்புக்குத் தப்பி வந்த அவர்களுடைய சந்ததியினர், விண்ட்ஹெல்ம் நகரின் ஒதுக்குப்புறச் சேரியில் ஏதிலிகளாக வாழ்கிறார்கள். குற்றமும் பெருமையும் துயரமும் ஒரே மக்களிடம் சேர்ந்திருப்பதால்தான் டன்மர்கள் நம்பத்தக்கவர்களாக இருக்கிறார்கள்.

இந்த இனத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது நிறத்தைப் பற்றி முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குச் சொல்லும் தெய்வம் மாயோன், கரிய மேனியன். காளியும் கருப்பண்ணசாமியும் நம் ஊர்களைக் காப்பவர்கள். கொங்கில் கருப்பண்ணன் என்று பிள்ளைகளுக்குப் பெயரிடுவது பெருவழக்கு. இந்த மண்ணில் கரிய நிறத்தை இயல்பான தீமைக்குறியாக எழுதினால் அது வாசகரின் பக்திக்கும் கண்ணாடிக்கும் எதிராகவே நிற்கும். மணமகள் தேவை விளம்பரங்களில் நிறம் கேட்கும் வழக்கமும் இதே மண்ணில்தான் இருக்கிறது என்பதால், சிந்திக்காமல் இரவல் வாங்கிய கரிய கொடியவர்கள் அந்த இழிவுக்கு உரம் சேர்ப்பார்கள். வெண்ணிறம் பூண்ட பிரிந்த கிளையையோ, நிறத்தில் எந்த வேறுபாடும் இல்லாமல் உச்சரிப்பாலும் வழிபாட்டாலும் மட்டும் வேறுபடும் கிளையையோ எழுதுவதற்குத் தடை ஏதும் இல்லை.

பகையின் வகைகளைக் கற்க நமக்கு வெளியே போகவும் வேண்டியதில்லை. உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் சாமி கதையை, பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960களில் காங்கேயம் பக்கத்தில் தங்கிப் பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் தோன்றுவதற்கு முந்தைய தலைமுறையில், தந்தை குன்னுடையானுக்குத் துன்பம் தருகிறவர்கள் அவனுடைய பங்காளிகள்; அனாதையாக நின்ற சிறுவனின் உரிமையைப் பறித்தவர்கள் அவர்கள். கதையின் பிற்பகுதியில் வரும் பகைவர் வேட்டுவர். அவர்களோடு நடக்கும் போர் உழுநிலத்துக்கும் காட்டுக்கும் இடையிலானது. ஒரே கதைக்குள் டார்க் எல்ஃபுக்கு உரிய பகையும் ஆர்க்குக்கு உரிய பகையும் தனித்தனியாக, இரண்டையும் குழப்பாமல் நிற்கின்றன. வேட்டுவர் என்பது இன்றும் கொங்கில் வாழும் சமூகத்தின் பெயர் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். பாடல் உழவர் பக்கத்திலிருந்து பாடப்படுகிறது. காட்டின் பக்கத்திலிருந்து ஒருவர் உடுக்கை எடுத்தால், எல்லை தாண்டியவர் யார் என்ற கேள்விக்கே வேறு விடை வரும். ஸ்னோரியின் இருள் எல்ஃப்கள் பேசாததைப் பற்றி மேலே சொன்னதும் இதுவே.

நிலத்துக்கும் பஞ்சமில்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கற்களைத் தீட்டிய பட்டறைகளும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களும் அகழாய்வில் வெளிப்பட்டிருக்கின்றன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இவ்வூரே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். சற்றுத் தெற்கே படியூர் பெரில் கற்களுக்குப் பெயர்பெற்றது. மண்ணைத் தோண்டி மணி எடுப்பவர்கள், அதைத் தீட்டுபவர்கள், விற்றுப் பொருள் சேர்ப்பவர்கள் என்ற மூன்று தொழிலும் ஒரே மக்களிடம் இருந்து, ஒரு தலைமுறையில் தோண்டுபவர்கள் மட்டும் குழிக்குள்ளேயே ஒதுக்கப்பட்டுவிட்டால், சாபமோ சூனியமோ இல்லாமல் ஒரு டார்க் எல்ஃப் மக்கள் உருவாகிவிடுவார்கள். கொல்லர்களாகவும் மண்ணுக்குள் வாழ்பவர்களாகவும் ஸ்னோரி காட்டிய பழைய உருவத்துக்கும் இது ட்ரௌக்களைவிட நெருக்கமானது. அவர்கள் என்ன உண்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மேலே இருப்பவர்களுக்கு அவர்களிடமிருந்து என்ன வேண்டும் என்பவை எல்லாம் இந்தத் தொழில் உறவிலிருந்தே விடை பெறும்.

பிரிவுக்குப் பிறகும் என்ன பொதுவாக எஞ்சுகிறது என்பதையே எழுதுபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளும் ஒரு சாவு விழுந்தால் தீட்டு காக்கிறார்கள். குலதெய்வத்தின் கோயிலுக்கு வெவ்வேறு நாளிலாவது வருகிறார்கள். மேலே ஓர் அரசி இறந்தால் குழிக்குள் உலை அணைக்கப்படுமா, பொதுத் தெய்வத்தின் கோயில் யாருடைய எல்லைக்குள் இருக்கிறது, அங்கே முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விகளுக்கு விடை எழுதப்பட்ட பிறகே போருக்கான காரணங்கள் தாமாக உருவாகும். மணஉறவும் அப்படியே. மேற்கத்தியப் புனைவுகளில் ஒளிக்கிளைப் பெண்ணும் இருள்கிளை ஆணும் காதலிப்பது வழக்கமான கதை. ஆனால் கொங்கு முறைப்படி, எத்தனை தலைமுறை விலகினாலும் ஒரே கூட்டத்தார் அண்ணன் தங்கை முறையினர், அவர்களுக்குள் மணம் கிடையாது. பிரிந்த இரு கிளைகளும் ஒரு கூட்டம் என்று எழுத்தாளர் வைத்தால் அந்தக் காதல் இரு பக்கத்துக்கும் பெரும் பழியாகும். கொண்டு கொடுத்தவர்களாக இருந்து பிரிந்தார்கள் என்று வைத்தால் அதே காதல் மறந்துபோன ஒரு முறையைப் புதுப்பிப்பதாகும். நிறமும் நகரமும் தெய்வமும் எழுதப்படுவதற்கு முன்பே இந்த ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.